கட்டியவனைக் கேட்டீர்களா?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் எமது பங்கு மண்டபத்தில் கூட்டம் ஒன்று நடைபெற்றது. களப்பிலே தொழில் செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு உதவி வழங்குவது பற்றி ஆராய்வதே அதன் நோக்கம். ஆராய்ந்தவர்கள் கதிரைகளில் அமர்ந்திருந்தனர். ஆராயப்பட்டவர்கள் விறாந்தையில் நின்றனர். விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இருபத்தாறு வயது இளைஞர் ஒருவருடையது. பதின்மூன்று அடி நீளமான சிறு வள்ளம் ஒன்று அவருக்கு உண்டு. மிகவும் ஒடுக்கமானது, ஒருவர் எழுந்து நின்றாலே தள்ளாடுவது. அது கவிழாதிருப்பதற்குத் தம் கையாலேயே பக்கமிதவை ஒன்றைச் செய்து பூட்டியிருந்தார். அதற்கு நல்ல மரமும் புதிய கயிறும் வாங்கச் சிறுதொகை வேண்டும் என்பதே அவரது விண்ணப்பம். அங்கீகரிக்கப்பட்ட மாதிரிக்கு அமையாத கலம் என்று குறிப்பெழுதி அது ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கியதோடு நிற்கவில்லை. மதிப்பிற்குரிய அன்பர் ஒருவர் எழுந்து, "தண்ணீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போகிறவருக்கு உதவினால், நாளைக்கு வாளியில் ஏறிப் போகிறவரும் வந்து நிற்பாரே!" என்றார். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம். விறாந்தையில் நின்ற அவ்விளைஞர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனதை அதன் பிறகே கண்டோம். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தது.

மறுவாரம் களப்புக் கரைக்குச் சென்று அந்த வள்ளத்தைப் பார்த்தோம். பார்க்காமலே சிரித்தவர்கள் பார்த்த பின்னராவது பேச வேண்டும் அல்லவா?

நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் கரைகளில் வாழ்பவர்களுக்கு ஓருவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஏனைய வாசகர்களுக்காகச் சொல்கின்றோம். ஒற்றை மரத்தைக் குடைந்த ஒடுங்கிய வள்ளம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு குறுக்குக் கழிகளின் நுனியில், வள்ளத்துக்கு இணையாக மிதக்கும் ஒரு கட்டை. இதையே சிங்களச் சகோதரர்கள் 'ஒருவ' என்கின்றனர். பெரிய ஓருக்களில் குடைந்த மரத்தின் மேல் பலகைகளை நிறுத்தித் தும்புக்கயிற்றால் தைத்திருப்பார்கள். மேல்வாய் எவ்வளவு ஒடுக்கம் என்றால் இரண்டு கால்களை நுழைப்பதே பெரும்பாடு. அந்த ஒடுக்கமே அதன் வேகத்துக்குக் காரணம். ஒடுங்கிய உடல் நீரைக் கிழித்து ஓடும். ஆனால் தனித்து நிற்காது. நிற்கச் செய்வது அந்த மிதவை.

இளைஞரின் வள்ளத்தில் மிதவையாக இருந்தது பத்தடி நீளமான பீ.வீ.சீ. குழாய். விட்டம் 160 மில்லிமீற்றர். இரண்டு முனைகளையும் மூடி ஒட்டியிருந்தார். முன்முனையில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பொருத்தி, அலைக்குள் மூக்கைக் குத்தாதபடி சற்று மேல்நோக்கி வளைத்திருந்தார். குழாயின் உள்ளே ரெஜிபோம் துண்டுகளை இறுக்கி அடைத்திருந்தார். ஏன் என்று கேட்டோம். "குழாய் வெடித்தாலும் தண்ணீர் புகுந்து இருக்க இடமில்லை, ஐயா" என்றார். ரெஜிபோமை வெளியே கட்டினால் வெயிலில் உதிர்ந்து மீன் தின்னும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டபத்தில் கதிரையில் இருந்த எங்களுக்கு அது தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். அந்தக் குழாய் முழுதாய் அமிழ்ந்தால் ஏறத்தாழ 60 லீற்றர் தண்ணீரை விலக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. குழாயின் எடையைக் கழித்தாலும் 50 கிலோவுக்குக் குறையாத உந்தல் கிடைக்கும். மிதவை வள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கின்றது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதவைப் பக்கமாக ஓரடி சாய்ந்தால் அதைத் தாங்குவதற்கு மிதவை தர வேண்டிய உந்தல், அறுபதை ஐந்தால் வகுத்த 12 கிலோ மாத்திரமே. குழாயின் வலிமையில் கால்பங்கு கூட இதற்குச் செலவாகாது. தராசுக் கோலின் நீண்ட கையிலே சிறு படிக்கல் பெருஞ்சுமையைத் தாங்குவது போன்றது இது.

மறுபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? அங்கேதான் தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடு. அந்தப் பக்கம் சாயும்போது மிதவை நீரைவிட்டு எழும். அப்போது வள்ளத்தைக் காப்பது மிதவையின் உந்தல் அன்று, அதன் எடை. வெறுங்குழாய்க்கு எடை போதாது. பழைய ஓருக்களில் மரக்கட்டை வைத்ததன் நுட்பம் இதுவே: மரத்துக்கு மிதப்பும் உண்டு, எடையும் உண்டு. ஒரே பொருள் இரண்டு பக்கத்துக்கும் காவல். இளைஞர் இதை நூலில் படித்தவரல்லர். முதல் வாரத்தில் ஒரு தடவை மறுபக்கம் கவிழ்ந்து, இடுப்பளவு நீரில் நின்று யோசித்தார். பின்னர் குழாயின் மேல் கனமான பனஞ்சட்டம் ஒன்றைக் கட்டினார். வலையை எப்போதும் மிதவைப் பக்கமாக, இரு கழிகளுக்கும் இடையே இழுப்பதென்று வழக்கப்படுத்திக்கொண்டார். அப்படியும் குழாய் அவருக்கு நிறைவு தரவில்லை. அதனால்தான் நல்ல மரம் வாங்க உதவி கேட்டார். நாம் சிரித்தது இந்த அறிவைப் பார்த்து.

கட்டும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கழிகள் வள்ளத்தோடு ஆணியால் அறையப்படவில்லை. கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருந்தன. இதையே 'அரைகுறை வேலை' என்று அன்று மண்டபத்தில் ஒருவர் குறை கூறியிருந்தார். அந்தக் கரையில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் கேட்டோம். "ஆணி அடம்பிடிக்கும், தம்பி. கயிறு விட்டுக்கொடுக்கும்" என்றார். அலை ஒவ்வொன்றும் வள்ளத்தை ஒரு விதமாகவும் மிதவையை இன்னொரு விதமாகவும் தூக்குகின்றது. அந்த இழுபறி முழுவதும் வந்து சேருமிடம் பொருத்து. அசையாத பொருத்து நாளடைவில் மரத்தைப் பிளக்கும். அசையும் பொருத்து அந்த விசையைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றலாம். துளைக்குள்ளே துருவேறும் ஆணி தெரியாது. புனித பவுல் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கப்பல் புயலில் அகப்பட்டபோது மாலுமிகள் அதனைக் கயிறுகளால் சுற்றி வரிந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவர்களையும் அரைகுறை வேலைக்காரர் என்று நமது குழு ஒதுக்கியிருக்கும்போலும்!

ஓரு பழமையானது, ஆகையால் பயனற்றது என்பார் சிலர். எவ்வளவு பழமை என்பதை அவர்கள் அறிவார்களா? உரோமை அறிஞர் பிளினி, கி.பி. 77ஆம் ஆண்டளவில் முடித்த தமது இயற்கை வரலாற்று நூலில், தப்ரபேன் எனப்பட்ட இத்தீவைப் பற்றி எழுதும்போது, ஒடுங்கிய கால்வாய்களில் திருப்ப வேண்டாதபடி இரண்டு முனைகளிலும் அணியம் கொண்ட கலங்களைக் குறிப்பிடுகின்றார். பாய் கட்டிய ஓருவை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே திசை மாறும்போது கலத்தைத் திருப்புவதில்லை, பாயை மறுமுனைக்குக் கொண்டுபோகின்றார்கள். முன் பின்னாகும், பின் முன்னாகும். காற்று மிகுந்தால் ஒருவர் குறுக்குக் கழியின் மேல் நடந்துபோய் மிதவைக்கு அருகில் நிற்பார். இன்னும் மிகுந்தால் இருவர் போவர். 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்று காற்றின் வலுவை ஆள்களின் எண்ணிக்கையால் அளந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த வெள்ளையர் வியந்து எழுதி வைத்தனர்.

இதை நம் முன்னோரின் தனிச்சொத்து என்று மார்தட்டவும் வேண்டாம். பக்கமிதவை ஆஸ்ட்ரோனீசிய மக்களின் கண்டுபிடிப்பு என்பதே அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. மடகஸ்கார் முதல் ஹவாய் வரை அவர்கள் சென்ற கடல்கள் தோறும் அது சென்றிருக்கின்றது. சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியக் கலங்களின் அமைப்பைப் பற்றி எழுதிய ஆய்வு இந்த உறவுகளைத் தேடியதே. ஆக, என்றோ ஒருநாள் யாரோ ஒரு கரையோரத்தான் அயலாரின் கலத்தைக் கண்டு, தன்னிடமிருந்த மரத்தையும் கயிற்றையும் கொண்டு அதைப் போலொன்றைக் கட்டினான். அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவன் அன்று கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டினான். நமது இளைஞர் இன்று கையில் கிடைத்த குழாயைக் கொண்டு கட்டினார். முன்னதை மரபு என்று போற்றுவதும் பின்னதை இழிவு என்று நகைப்பதும் எந்த நியாயம்?

சொல்லைப் பார்த்தாலும் இதே கதை. தமிழ்க் கரையின் கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயர் கடன் வாங்கி, இன்று இரட்டை உடல் கொண்ட ஆடம்பரப் படகுகளுக்குச் சூட்டியிருக்கின்றனர். கோடீசுவரர் ஏறும் கலத்தின் பெயரிலும் 'கட்டு' இருக்கின்றது. நம்மவர் மட்டும் கட்டிய கலம் என்றால் முகம் சுளிக்கின்றோம்.

இனி உதவி என்னும் விடயத்துக்கு வருவோம். இது கசப்பானது, நாமும் பங்காளிகள் என்பதால் மேலும் கசப்பானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இத்தீவின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை அழித்தும் சேதப்படுத்தியும் சென்றது. அதன் பின்னர் உலகெங்குமிருந்து வந்த தாராளத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாராளம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடி நாரிழைப் படகுகளாக வந்திறங்கியது. சில கரைகளில் முன்பிருந்ததைவிடக் கூடுதலான படகுகள் சேர்ந்தன. வேறு சில கரைகளில் உரியவர் கைக்கு எதுவும் சேரவில்லை. அவசரத்தில் வார்க்கப்பட்டவற்றுள் கடலுக்குத் தகுதியற்றவை எனக் கண்டறியப்பட்டவையும் இருந்தன. படகுக்குப் பெயர் எழுதினோம், ஆசீர்வதித்தோம், படம் எடுத்தோம். எந்தக் கடல், எந்த அலை, எந்த வலை, எத்தனை ஆள் என்று கேட்டோமா? களப்பிலே தனியாளாகத் தொழில் செய்பவருக்குப் பதினெட்டடிப் படகும் இயந்திரமும் எதற்கு என்று எத்தனை குழுக்கள் சிந்தித்தன?

இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. 1950களில் இந்நாட்டு மீன்பிடியில் இயந்திரம் புகுந்தது. அதனால் தூரக்கடல் எட்டியது, பல வீடுகளில் அடுப்பெரிந்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் இயந்திரத்தைத் தந்தவர்கள் பழைய அறிவைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு தந்தார்கள் என்பதைக் காலம் காட்டியது. 2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்ற நாள்களைக் கரையோரத்தவர் மறக்க மாட்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்ததைக் கண்ணாரக் கண்டோம். அந்த நாள்களில் எமது களப்பில் இறங்கிய கலங்கள் எவை? துடுப்பும் கோலும் கொண்டு செலுத்தக்கூடிய சிறு வள்ளங்களும் ஓருக்களுமே. அவற்றுக்கு வரிசை இல்லை, அட்டை இல்லை. நண்டும் இறாலும் சிறிதளவே வந்தன என்றாலும், வந்தன.

அந்த நாள்களில் ஓரு கட்டத் தெரிந்தவரைத் தேடி இரண்டு ஊர்களில் அலைந்தவர்களை அறிவோம். கட்டத் தெரிந்த முதியவர்கள் இருந்தனர். அவர்களுக்குக் கை நடுங்கியது. மகன்மார் வெளிநாட்டில். அந்த இடைவெளியிலேதான் நமது இளைஞர் குழாயோடு வருகின்றார் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். அவரது தந்தைக்குத் தெரியாததை, பாட்டனாரின் கூட்டாளியான அம்முதியவரிடம் கேட்டுக் கேட்டு, பிழைவிட்டு, கவிழ்ந்து, மீளக் கட்டிக் கற்றுக்கொண்டார்.

திருச்சபையின் சமூகப் போதனையை நாம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். 1931இல் பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல் ஒரு நெறியை வகுத்தது: தனி மனிதரும் சிறு குழுவும் தம் முயற்சியால் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி, துணை செய்வதே அதன் கடமை. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, உழைப்பில் முதலிடம் உழைப்பவருக்கே, கருவிக்கு அன்று என்று நிலைநாட்டினார். இவற்றை மனப்பாடமாகச் சொல்லும் நாம், தாமே கட்டிக்கொண்டவருக்குக் கயிறும் மரமும் கொடுக்க மறுத்து, கேளாதவருக்குப் படகு கொடுக்கின்றோம். கயிறும் மரமும் கொடுத்தால் படம் எடுக்க எதுவும் இராது என்பதும் ஒரு காரணமோ என்று கேட்கத் துணிகின்றோம். புண்படுபவர்கள் மன்னிக்க.

இன்னொரு சாராரையும் விட்டுவைக்க இயலாது. ஓருவைப் போற்றுபவர்கள் இவர்கள். நீர்கொழும்புக் கரையில் பாய் விரித்த ஓருவை அந்தி வெயிலில் படம்பிடித்துச் சுவரில் மாட்டுவார்கள். பாரம்பரியம் அழிகின்றதே என்று பெருமூச்செறிவார்கள். குழாய் கட்டிய ஓருவைக் கண்டால் அவர்களுக்கும் பிடிக்காது; படம் கெட்டுவிடுகின்றதாம். அக்கரை மீனவரின் நாவில் இன்னும் வழங்கும் தமிழைப் பற்றியும் இவ்வாறே பேசுவார்கள். சிங்களம் கலந்து நெகிழ்ந்த அந்தத் தமிழை மொழியியலாளர் தனியே ஆராய்ந்திருக்கின்றனர். நம்மவருக்கோ அது கொச்சை. உயிரோடிருக்கும் எதுவும் கலந்தும் மாறியும்தான் இருக்கும். கலப்பில்லாததை நூதனசாலையில் தேடிக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பவர்களின் கேள்வி மட்டும் நேர்மையானது. அதற்கு நேர்மையாகவே விடை சொல்வோம். கையால் கட்டியது என்பதற்காக எல்லாம் நல்லதாகிவிடாது. மிதவை வள்ளத்தை நெருங்கி இருந்தால் பயனில்லை; அதிகம் விலகினால் கழி முறியும். ஆழமாக அமிழ்ந்தால் வள்ளம் அந்தப் பக்கமே வட்டமிடும். உயர்ந்து நின்றால், அது நீரைத் தொடுமுன் ஆள் விழுந்துவிடுவார். வள்ளத்துக்கு இணையாக இல்லாவிட்டால் துடுப்புப் போடும் கை சோர்ந்துபோகும். வெயிலில் கிடந்த குழாய் நொறுங்கும் தன்மை அடையும். களப்புக்குப் போதுமான மிதவையோடு சோளகக் காலத்தில் பெருங்கடலுக்குப் போவது தற்கொலை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீரியல் வளச் சட்டம் கலங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றது. இயந்திரமற்ற மரபுவழிக் கலங்களுக்கும் அப்பதிவில் இடமுண்டு. சட்டம் இடம் கொடுத்த பொருளுக்கு நமது குழு இடம் கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க. பாதுகாப்பில் அக்கறை உண்மையானால் செய்ய வேண்டியது எளிது. கரைக்குப் போங்கள். இடுப்பளவு நீரில் வள்ளத்தை இறக்கச் சொல்லுங்கள். இருவரை விளிம்பில் அமரச் செய்து பாருங்கள். முடிச்சுகளை இழுத்துப் பாருங்கள். தெரிந்த முதியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முற்பகல் போதும். அதைவிட்டு, மண்டபத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, மாதிரிக்கு அமையாது என்று எழுதுவதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடாதீர்கள்.

வரும் ஆண்டு உதவிக்கான விண்ணப்பங்கள் மீண்டும் கோரப்படவிருக்கின்றன. குழுவிலே களப்புத் தொழிலாளர் இருவராவது கதிரையில் அமர வேண்டும் என்றும், கயிறு, மரம், வலை, தச்சுக் கருவி ஆகியவற்றுக்கான சிறு உதவிகளைத் தனியே வைக்க வேண்டும் என்றும், கைநடுக்கம் முற்றுமுன் அம்முதியவருக்கு ஒரு கூலி கொடுத்து நான்கு இளைஞரை அவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டிருக்கின்றோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

இளைஞர் மீண்டும் விண்ணப்பிக்கப் போவதில்லையாம். குழாயின் மேற்புறம் வெளுத்துவிட்டது. வாடை தொடங்குமுன் மாற்றியாக வேண்டும் என்றார். தேவாலயத்தின் பின்னே காற்றில் சாய்ந்த மரமொன்று கிடக்கின்றது. அதை அவர் இரண்டு தடவை சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்தாராம், கேட்கக் கூச்சப்படுகின்றார். பங்குத்தந்தையிடம் நாம் கேட்டிருக்கின்றோம்.